நயினார் வைத்த பொட்டு

வெகுதானிய வருஷம், புரட்டாசி 4, செவ்வாய்

பெரிய மனிதர்கள் எல்லாரும் டைரி எழுதுகிறார்கள். நான் இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் நேரமின்மை ஒன்றுதான். தென்காசி உலகாபரணம் டாக்கீஸ் மானேஜர் ஆறுமுகநயினார் என்றால் குற்றாலத்து அருவிக்கே தெரியும். முதலாளி இன்னும் தன் வாயால் மானேஜர் என்று சொல்லவில்லை. டிக்கெட் கிழிக்கிறவன் என்றும் சொன்னதில்லை. அதிலிருந்தே தெரியவில்லையா?

இன்று சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்தார். தலையில் தொப்பி, கையில் பிரம்பு. நானும் அவரும் இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டோம். அவர் பேசினார், நான் "எஸ் சார்" என்றேன். டாக்கீஸ் முன்பு பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியாக இருந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேலே பார்த்தார், கதவைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு ஆப்பரேட்டர் ரூமிலிருந்து கிழிந்துபோன படச்சுருளில் ஒரு முழம் வாங்கிவரச் சொல்லி, முற்றத்தில் போட்டுத் தீக்குச்சியைக் காட்டினார்.

அடேயப்பா! பனை உயரத்துக்குத் தீ. தண்ணீர் ஊற்றினால் தண்ணீருக்குள்ளேயும் எரிகிறது. எல்லாரும் ஓடினார்கள். நான் மட்டும் அசையவில்லை. மீசை ஓரம் கொஞ்சம் கருகியதைப் பார்த்தாலே நான் எவ்வளவு பக்கத்தில் நின்றேன் என்று தெரியும். உலகம்மாள் மட்டும், "குனிஞ்சு பாருங்கன்னு ஒங்களை யாரு சொன்னா?" என்கிறாள். என் மனைவிக்கு வீரம் புரியாது.

இன்ஸ்பெக்டர் ஆப்பரேட்டரைக் கூப்பிட்டார். ஆப்பரேட்டர் வேறு யாருமில்லை, என் தங்கை மகன் குத்தாலிங்கம். தை மாதம் என் மகள் கோமதியைக் கட்டப்போகிறவன். "இதைத்தான்டா நீ தலைக்குப் பக்கத்துல வெச்சு ஓட்டறே. உன் கவனக்குறைவால தீப் பிடிச்சா உன் அனுமதியை ரத்து பண்ணிடுவேன். அப்புறம் இந்த ராஜதானியில எந்தக் கொட்டகையிலயும் நீ மிஷினைத் தொட முடியாது, தெரியுமோ?" என்றார். குத்தாலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. தகப்பன் இல்லாத பிள்ளை. என் தங்கை அவனை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறாள்.

தீபாவளிக்குள் எல்லாம் விதிப்படி இருந்தால்தான் லைசென்ஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி என் பக்கம் திரும்பி, "என்னவே நயினாரு, நீரு சும்மாதான இருக்கேரு. இதைப் பாத்துக்கிடும்" என்றார். ஆக, தீ இலாகா முழுவதும் என் கையில்.

புரட்டாசி 6, வியாழன்

ஒரே குழப்பமாக இருக்கிறது. ஆப்பரேட்டர் ரூமுக்குள் நெருப்பே கூடாது என்கிறது விதி. பீடி கூடாது, விளக்கு கூடாது, சூடம் கூடாது. சரி. ஆனால் மிஷினுக்குள் என்ன இருக்கிறது? இரண்டு கரிக்குச்சி மூக்கோடு மூக்கு உரசி, சூரியனைப்போல எரிகிறது! அந்த நெருப்புக்கு முன்னால்தான் படமே ஓடுகிறது. வீட்டுக்குள் புலியைக் கட்டிப்போட்டுவிட்டுப் பூனை வரக்கூடாது என்று சட்டம் போட்டால் எப்படி?

குத்தாலத்திடம் கேட்டேன். "ஓடுத வரைக்கும் ஒண்ணுஞ்செய்யாது மாமா. வெளிச்சத்துக்கு முன்னால படம் நிக்காமப் போய்க்கிட்டே இருக்கணும். எங்கயாச்சும் சிக்கி நின்னுச்சுன்னா, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள பத்திக்கிடும்" என்றான்.

"நின்னால்தானே? நிக்க விடாதே" என்றேன். நான் சொன்ன யோசனை அவனுக்கு உடனே பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டே போனான்.

புரட்டாசி 10, திங்கள்

ஆப்பரேட்டர் ரூம் சுவரில் இரண்டு ஓட்டை உண்டு. ஒன்றின் வழியாக வெளிச்சம் போகும். இன்னொன்றின் வழியாக ஆப்பரேட்டர் திரையைப் பார்ப்பான். இரண்டுக்கும் மேலே இரும்புப் பலகை தொங்கவேண்டுமாம். தீ என்றால் கயிற்றை விட்டதும் பலகை தானே விழுந்து ஓட்டையை மூடிவிடும், புகை ஜனங்கள் பக்கம் வராது. கொல்லரை வைத்து நானே செய்வித்தேன். திட்டம் இன்ஸ்பெக்டருடையது என்பார்கள். "நல்ல கனமாப் போடும் ஆசாரி" என்று சொன்னது யார்? கயிற்றை விட்டுப் பார்த்தோம். டமார் என்று விழுந்தது. கீழே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த முதலாளி எழுந்து உட்கார்ந்து, "யாருவே செத்தது?" என்றார்.

புரட்டாசி 12, புதன்

மணல் வாளிகளுக்குச் சிவப்பு வர்ணம் அடித்து மாட்டினேன். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றிலும் வெற்றிலை எச்சில். வர்ணத்துக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.

புரட்டாசி 16, ஞாயிறு. ஆயுத பூஜை

இந்த வருஷ பூஜையைத் திருநெல்வேலி ஜில்லா மறக்காது.

போன வருஷம் வரைக்கும் மிஷினுக்கு முன்னால் சூடம் கொளுத்தித் தட்டைச் சுற்றுவோம். இந்த வருஷம் குத்தாலம் காலையிலேயே வந்து, "மாமா, சூடம் உள்ள வரவே கூடாது. மிஷினுக்கு மேல் மூடியில ஒரே ஒரு பொட்டு. அதோட விட்ருங்க. நான் அம்மா வீட்டுப் பூசைக்குப் போயிட்டு நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"தீ இலாகாகாரனுக்கே தீயைப் பத்திப் பாடமா?" என்றேன்.

விதியை நான் எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றினேன். சூடத்தை வாசலோடு நிறுத்திவிட்டேன். ஊதுபத்தியைக்கூட உள்ளே விடவில்லை. ஆனால் முதலாளி, "என்னவே, பூசை வெறும் தரையா இருக்கு? மிஷினுக்கு மனசு கொறைஞ்சிராது?" என்றார். நியாயம்தானே? தீயில் குறைந்ததைச் சந்தனத்தில் நிரப்பினேன். ஒரு செம்பு நிறையக் குழைத்தேன். மூடியைத் திறந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும், ஒவ்வொரு பல்லுக்கும், படம் நுழைந்து போகிற அந்த வாய்க்கும் பொட்டு. பொட்டுக்கு மேல் குங்குமம். இரும்புப் பலகைகள் புதுசு அல்லவா, அவற்றுக்கு விசேஷமாகச் சாமந்தி மாலை. மாலை வழுக்கி விழாமல் பலகையை ஆணியோடு சேர்த்து வாழைநாரால் கட்டினேன். பலசரக்குக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "மிஷினா, மணப்பொண்ணா?" என்றார்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது முறை. ஆகவே கதவைச் சாத்தி, சாவியை நானே மடியில் வைத்துக்கொண்டேன்.

புரட்டாசி 17, திங்கள். விஜயதசமி, மத்தியானம்

மத்தியான ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். வாசலில் கூட்டம் குற்றாலச் சாரலைவிட அதிகம். கிடைத்த நேரத்தில் இதை எழுதுகிறேன். இன்று ஒரு அநியாயம் நடந்தது. குத்தாலம் சாவியை வாங்கி உள்ளே போனவன், ஐயோ என்று தலையில் கைவைத்தான். பிறகு ஒரு வேட்டித் துணியை எடுத்து, மண்ணெண்ணெய் தொட்டு, நான் வைத்த சந்தனத்தை எல்லாம் துடைத்துவிட்டான்! அந்த வாயை ஒரு தீக்குச்சியால் சுரண்டிச் சுரண்டி வெள்ளிபோல் ஆக்கிவிட்டான். ஒரு பலகையின் மாலையை அவிழ்த்துவிட்டு மற்றதற்குப் போனவனை முதலாளி கூப்பிட்டு, பின்பக்கத்துக் கரண்டு எஞ்சின் சத்தம் சரியில்லை, பார் என்றார். பார்த்துவிட்டு அப்படியே கிளப்பில் ஒரு காப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனான்.

விஜயதசமி அன்று வெறும் நெற்றியோடு ஒரு மிஷினை வேலை வாங்குவதா? எனக்கு மனசு கேட்கவில்லை. செம்பில் மிச்சம் இருந்தது. மறுபடி உள்ளே போய் அந்த வாய்க்கு மட்டும் வைத்தேன். ஒன்றே ஒன்று, ஆனால் அழுத்தமாக. அவன் வந்ததும் சொல்லவில்லை. மணி அடிக்கப்போகிறார்கள், அவன் அவசர அவசரமாகப் படத்தைப் பூட்டிக்கொண்டிருக்கிறான். மேலும் மரியாதைக்குரிய விஷயத்தைச் சின்னப் பயல்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

புரட்டாசி 18, செவ்வாய்

நேற்று ஆட்டத்தின் நடுவில் தீப் பிடித்துவிட்டது.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். கதாநாயகி கண்ணைத் துடைக்கிற இடம். அப்படியே நின்றுவிட்டாள். கன்னத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு புள்ளி. புள்ளி பெரிதாகி, முகம் முழுவதும் கொப்புளம் கொப்புளமாக வெந்து, வெள்ளையாக ஓட்டை விழுந்தது. இதுவும் படத்தில் உள்ளதுதான் என்று தரை டிக்கெட்டில் கைதட்டினார்கள். அப்புறம்தான் மேலே புஸ் என்று ஒரு சத்தம். ஒரு இரும்புப் பலகை டமார் என்று விழுந்தது. மற்றது விழவில்லை. அந்த ஓட்டை வழியாக மஞ்சள் புகை சுருள் சுருளாக வந்தது. மாலை தடுத்துவிட்டது என்று சிலர் பேசுகிறார்கள். சாமந்திப் பூ இரும்பைத் தடுக்குமா? எனக்கு விளங்கவில்லை.

நான் உடனே காரியத்தில் இறங்கினேன். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று மேற்பார்வையிடக் கிணற்றடிக்கு விரைந்தேன். கிணறு பக்கத்துத் தெருவில் இருந்ததால் திரும்பிவரச் சற்றுத் தாமதம். அதற்குள் படம் பார்க்க வந்திருந்த உலகம்மாள் பெண்கள் பக்கத்துக் கதவைத் திறந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "புள்ளைய முதல்ல! தள்ளாதிய, தீ அங்க மேல கெடக்கு, நீங்க மிதிச்சே சாவாதிய!" என்று கத்தி ஒவ்வொருவராக வெளியே விட்டிருக்கிறாள். எல்லாம் என்னோடு இருந்து பழகிய பழக்கம். பேட்டைக்காரர் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. வேறு உயிர்ச்சேதம் இல்லை.

குத்தாலம் வெளியே ஓடி வரவில்லை. எரிகிற சுருளைக் கையாலேயே அறுத்து, மற்ற ரீல் பெட்டிகளை ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்து, மணலைக் கொட்டிவிட்டுத்தான் வந்தான். பெட்டிகள் உள்ளேயே இருந்திருந்தால் டாக்கீஸும் இல்லை, பக்கத்து வீடுகளும் இல்லை என்கிறார்கள். இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும், "ஏன் நின்னுச்சுன்னே தெரியல மாமா. நல்லாத் தொடச்சிட்டுத்தான போனேன்" என்றான்.

நான், "மழைக்காலம், ஈரமா இருக்கும்" என்றேன்.

புரட்டாசி 19, புதன்

டாக்கீஸைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். கையைச் சிகைக்காய் போட்டுக் கழுவினேன். சந்தன வாசனை போகவில்லை.

புரட்டாசி 21, வெள்ளி

முதலாளி வீட்டுக்கே கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டார். காப்பியும் வந்தது, டம்ளரும் வெள்ளி. "நயினாரு, இன்ஸ்பெக்டர் அடுத்த வெள்ளிக்கிழமை விசாரிக்க வாராரு. ஆப்பரேட்டரு தப்புன்னு ஆச்சுன்னா அவனோட போச்சு. டாக்கீஸ் தப்புன்னு ஆச்சுன்னா லைசென்ஸ் போயிரும், தீபாவளிப் படம் போயிரும். பய மிஷினைச் சுத்தமா வைக்கல, ஆட்டத்துக்கு முன்னால காப்பி குடிக்கப் போயிட்டான். இதை நீரு சொன்னாப் போதும். பொறவு மானேஜர் நாற்காலி ஒமக்குத்தான்" என்றார்.

சரி என்று தலையை ஆட்டினேன். காப்பி குடிக்கப் போனது உண்மைதானே? உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு? அப்படித்தான் திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் என் தங்கை நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணே, அவனுக்குச் சோத்தை நாந்தான் ஊட்டுதேன். இருபத்திநாலு வயசுப் புள்ளைக்கு! கை ஆறிரும்னு டாக்டரு சொல்லுதாரு. மிஷின் ஓட்டுத அனுமதிச் சீட்டுப் போயிட்டா ஆறுன கையை வச்சு என்ன செய்வான்? நீதான் அங்க எல்லாத்தையும் பாக்கிறவன்னு சொல்லுவியே. ஒரு வார்த்தை சொல்லுண்ணே."

"சொல்லாம என்ன? நான் சொன்னா ஜில்லா கலெக்டரே கேப்பாரு" என்றேன்.

யாருக்கு என்ன சொல்வதாக ஒத்துக்கொண்டேன் என்று இப்போது யோசித்தால் தலை சுற்றுகிறது. இரண்டு பேரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

புரட்டாசி 23, ஞாயிறு

மழை. நான் முதலாளி வீட்டுக்குப் போய்வந்ததிலிருந்து கோமதி முகம் கொடுப்பதில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

புரட்டாசி 25, செவ்வாய்

உலகம்மாள் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள். "அவன் காப்பிக்குப் போன நேரத்துல ரூமுல யாரு இருந்தா?"

"மிஷின் இருந்தது" என்றேன்.

"செம்பைக் காணமேன்னு பாத்தேன். அடியில சந்தனம் காஞ்சு கெடந்துச்சு. தேச்சுக் கழுவுததுக்குள்ள கை வலிச்சுப்போச்சு. கல்லு மாதிரில்லா புடிச்சிருக்கு."

நல்ல சந்தனம் அப்படித்தான் பிடிக்கும். நான் மட்டமான சரக்கு வாங்குவதில்லை என்று சொன்னேன். அவள் சலிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். இந்தப் பெண்கள் எதற்காகப் பார்க்கிறார்கள் என்றே புரிவதில்லை.

புரட்டாசி 28, வெள்ளி

இன்று விசாரணை. என் வாழ்க்கையிலேயே பெரிய நாள். சபையே என்னைத்தான் பார்த்தது.

முற்றத்தில் மேஜை போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் முதலாளி. இன்னொரு பக்கம் குத்தாலம், இரண்டு கட்டுக் கையையும் மார்பில் வைத்துக்கொண்டு. என் தங்கையும் உலகம்மாளும் வாசலில். முதலில் என்னைத்தான் கேட்டார். நானும் முதலாளி சொல்லிக்கொடுத்தபடியே கம்பீரமாகத் தொடங்கினேன். "ஆப்பரேட்டர் காப்பி குடிக்கப் போயிருந்தார் சார்" என்றேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். வாசலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பிறகு ஒரு காகிதப் பொட்டலத்தை அவிழ்த்தார். மிஷினின் அந்த வாய். கழற்றி எடுத்திருக்கிறார்கள். கருகிப்போன இரும்பின் நடுவில், சுட்ட மஞ்சளாக ஏதோ கெட்டித்துப்போய் ஒட்டியிருந்தது.

"படம் இதுலதான் சிக்கி நின்னிருக்கு. இது என்னது?"

முதலாளி முந்திக்கொண்டார். "அழுக்கு சார். பய தொடைக்கிறதே கெடையாது."

"ஏம்ப்பா, நீ இதைத் துடைக்கலையா?"

குத்தாலம் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். என் முகத்தைக்கூட இல்லை, என் வலது கைப் பெருவிரலைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாந்தான் சரியாத் தொடைக்கல போல ஐயா. என் தப்புதான்" என்றான்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மையில் தோய்த்தார்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நான் வைத்த பொட்டை, அடுத்தவன் அழுக்கு என்று கணக்கில் எழுதுவதா? ஒரு மனிதனுக்குக் கௌரவம் என்று ஒன்று இல்லையா?

"ஐயா, நிறுத்துங்க! நல்லாப் பாருங்க அதை. அழுக்கா அது? அசல் சந்தனம்! இந்த டாக்கீஸ்ல பொட்டு வைக்கிற கை ஒண்ணே ஒண்ணுதான். இந்தக் கை! இவன் மழமழன்னு தொடச்சான், தீக்குச்சியால சுரண்டிச் சுரண்டித் தொடச்சான், நானே பாத்தேன். இவன் போன பொறவு நாந்தான் மறுபடி வச்சேன். சும்மா தொட்டா வச்சேன்? கொழைச்சு, கட்டியா, வழிச்சு வச்சேன்! இவன்கிட்ட சொல்லவே இல்ல. அந்த மிஷினுக்கு வாய் எங்க, பல் எங்கன்னு எனக்குத் தெரியும். இவனுக்கு என்ன தெரியும், ஓட்டத்தான தெரியும்!"

"வே, நயினாரு!" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

இன்ஸ்பெக்டர் அவரைக் கையமர்த்தினார். "பலகையில மாலை கட்டினதும் நீங்கதானா?"

"பின்னே? அந்த முடிச்சை யானை இழுத்தாலும் அவிழாது."

"அந்த முடிச்சாலதான் பலகை விழலே. பொட்டாலதான் படம் நின்னுது. நீங்க என்ன சொல்லிண்டிருக்கேள்னு உங்களுக்குப் புரியறதா நயினார்?"

"எனக்குப் புரியாதது தென்காசியிலே எதுவுமில்லை" என்றேன். அதுவும் இங்கிலீஷ் கலந்து.

அவர் முன்பு எழுதியதை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, வேறு ஒரு காகிதம் எடுத்தார். என் பேரை, என் தகப்பனார் பேரை எல்லாம் கேட்டு எழுதினார். குத்தாலத்திடம், "நீ போகலாம்ப்பா, கையைக் கவனிச்சுக்கோ" என்றார்.

பேச்சுத் திறமையால் சபையை ஜெயித்தேன் என்பது வரைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குத்தாலம் எதற்காக அப்படிக் குலுங்கிக் குலுங்கி அழுதான்? கையில் வலி வந்திருக்கும். உலகம்மாள் என்னோடு சேர்ந்தே வீட்டுக்கு நடந்தாள். வந்ததும் கேட்காமலேயே மோர் கொடுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்காமல் அவள் எதையும் கொடுத்ததில்லை.

ஐப்பசி 1, திங்கள்

முதலாளி எனக்கு நீண்ட ஓய்வு கொடுத்திருக்கிறார். "இந்தப் பக்கம் தலை தெரிஞ்சா காலை ஒடிச்சிருவேன்" என்று ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார். உழைத்தவனுக்கு ஓய்வு தேவை என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது. லைசென்ஸ் வரவில்லை. தீபாவளிப் படம் கடையநல்லூர்க் கொட்டகைக்குப் போய்விட்டது. என் பேரில் அபராதம் வரும் என்கிறார்கள். வரட்டும், சர்க்காருக்கு என் விலாசம் தெரிவது நல்லதுதானே?

முக்கியமான சேதி இது. டாக்கீஸ் வாசலில் ஒரு உத்தரவு ஒட்டியிருக்கிறார்கள். ஆப்பரேட்டரைத் தவிர யாரும் அந்த ரூமுக்குள் நுழையக்கூடாது, மிஷின் மேல் எதையும் பூசக்கூடாது, பலகையில் எதையும் கட்டக்கூடாது. ஒவ்வொரு வரியும் என்னை மனதில் வைத்து எழுதியது! தென்காசியில் எத்தனை பேருக்காகச் சர்க்கார் தனியாக விதி போட்டிருக்கிறது?

குத்தாலத்தின் சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை ஆறியதும் அம்பாசமுத்திரத்தில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐப்பசி 6, சனி. தீபாவளி

தங்கையும் குத்தாலமும் நேற்றே வந்துவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் எண்ணெய்க் குளியல். அவன் கையில் இன்னும் கட்டு. தங்கை எண்ணெயை எடுத்தாள். "நீ போ, இது மாமன் செய்ய வேண்டியது" என்று வாங்கிக்கொண்டேன். அப்படி ஒரு முறை உண்டா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் இன்றைக்கு உண்டாகிவிட்டது.

கொல்லையில் பலகை போட்டு அவனை உட்காரவைத்தேன். கட்டு நனையாமல் இரண்டு கையையும் ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டான். உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்தேன். மெதுவாகத்தான் தேய்த்தேன். தெருவில் முதல் வெடிச்சத்தம் கேட்டதும் அவன் தோள் ஒரு தரம் துள்ளியது. கையை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"மாமா."

"என்னலே?"

"அன்னைக்கு அந்த ஐயா முன்னால... தெரிஞ்சுதான் சொன்னியளா?"

உள்ளே கோமதி தண்ணீர் மொள்ளும் சத்தம் நின்றுவிட்டது. எண்ணெய் வழிந்து அவன் புருவத்துக்கு வந்திருந்தது. பேசாமல் கண்ணை மூடுலே, எண்ணெய் விழுந்தால் எரியும் என்று சொல்லி, வெந்நீரை எடுத்து அவன் தலையில் ஊற்றினேன்.